கியர் யார் கையில்? கல்வராயன் மலை இறக்கமும் கால் மைல் பந்தயமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். கேள்வி இதுதான்: "கள்ளக்குறிச்சியில இருக்கேன். என்னால ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும். வேலை விஷயமா வாரத்துல ரெண்டு தடவையாவது வெள்ளிமலைக்கு ஏறி இறங்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை முறையான டிராக் ரேஸ்ல அதே வண்டியை ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை. மேனுவல் எடுக்கவா, ஆட்டோமேட்டிக் எடுக்கவா?"

ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நம்ம நிகழ்ச்சி வரலாறு பத்தினது. இந்தக் கேள்வியை உலகத்துல நிறைய பேர் எழுபது வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. அதுக்கான பதில் ரெண்டு மூணு தடவை தலைகீழா மாறியிருக்கு. அது ஏன் மாறிச்சுன்னு புரிஞ்சா, உங்க காருக்கான பதிலை நீங்களே எடுத்துடுவீங்க.

ஒரு கார், ரெண்டு வேலை

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

காரோட எடை 1200 கிலோன்னு வெச்சுக்குவோம். டிராக் ரேஸ்ல அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல கோட்டைத் தாண்டுது. அப்போ அந்த வண்டியில இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். பிரேக் போட்டு நிறுத்தினா இது முழுக்க வெப்பமா மாறும்.

இப்போ அதே கார் மலையில இருந்து இறங்குது. செங்குத்தா 600 மீட்டர் இறங்குறதா எடுத்துக்குவோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 70 லட்சம் ஜூல் வருது. அதாவது 150 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஏழு தடவை நிறுத்துறதுக்குச் சமம். இருபதுக்கும் மேற்பட்ட லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும். மீதி இன்ஜினுக்குப் போகணும், இல்லன்னா பிரேக்குக்குப் போகணும். இன்ஜினுக்கு எவ்வளவு அனுப்புறதுங்கிறதை முடிவு பண்றது கியர்பாக்ஸ்.

அதனால டிராக் ரேஸ்ல கியர்பாக்ஸுக்கு ஒரு வேலை: இன்ஜினோட சக்தியைச் சக்கரத்துக்குச் சீக்கிரம் கொண்டு போறது. மலைச்சாலையில வேலை நேர்மாறு: சக்கரத்தோட சக்தியை நிதானமா இன்ஜினுக்குத் திருப்பிக் கொண்டு வர்றது. நேயர் கேட்கிறது இந்த ரெண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யுமான்னுதான்.

பல் மேல் பல்

1891 வாக்கில் பிரான்ஸில் பனார் லெவாசோர் நிறுவனத்தார் பற்சக்கரங்களைத் தண்டின் மேல் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பல்லை இன்னொரு ஓடும் பல்லோடு கோக்கணும். வேகம் ஒத்துப்போகலன்னா கடகடன்னு கத்தும், சில சமயம் பல்லே உடையும். அந்தக் காலத்துல கார் ஓட்டுறது ஒரு தொழில்நுட்பக் கலையா இருந்ததுக்கு இது முக்கியக் காரணம். பணக்காரங்க டிரைவர் வெச்சுக்கிட்டதுக்கும் கௌரவம் மட்டும் காரணம் இல்ல, இந்தக் கியரும் ஒரு காரணம்.

1928-ல் காடிலாக் காரில் சின்க்ரோமெஷ் வந்தது. பல் கோக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க வேகத்தையும் உரசி ஒண்ணாக்கிடும் சின்ன வளையம். இன்னைக்கு நாம ஓட்டுற மேனுவல் கியரெல்லாம் இதோட வாரிசுதான். டபுள் கிளட்ச் போடாம கியர் மாத்த முடியுதுன்னா அது அந்த வளையத்தோட புண்ணியம்.

ஆட்டோமேட்டிக்கோட விதை இன்னும் முன்னாடியே விழுந்துடுச்சு, அதுவும் கடல்ல. ஹெர்மன் ஃபோட்டிங்கர்னு ஒரு ஜெர்மன் பொறியாளர். கப்பல்ல டர்பைன் ரொம்ப வேகமா சுத்தும், புரொப்பெல்லர் மெதுவா சுத்தணும். நடுவுல பல்லே இல்லாம திரவத்தை வெச்சுச் சக்தியைக் கடத்தலாம்னு 1905-ல் காப்புரிமை வாங்கினார். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு ஒண்ணை மட்டும் போட்டா இன்னொண்ணும் சுத்துமே, அதே தத்துவம். காத்துக்குப் பதிலா எண்ணெய். நடுவுல எண்ணெயைத் திருப்பிவிட இன்னொரு இறக்கையையும் சேர்த்தா முறுக்குவிசை கூடும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். வண்டி நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது அது இன்ஜினோட முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கித் தரும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, டிராக் ரேஸ் வரும்போது தேவைப்படும்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் வந்தது. பெரிய அளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அது. கூடுதல் விலை 57 டாலர். நாலு கியர், எல்லாம் எபிசைக்ளிக் கியர். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பர் கண்ணு முன்னாடி வந்திருக்கும். சூரியன், கோள்கள், வெளியே ஒரு வளையம்னு டேபிள் போட்டு எடுப்போமே, அதேதான். எல்லாப் பல்லும் எப்பவுமே கோத்துக்கிட்டே இருக்கும். எதைப் பிடிச்சு நிறுத்துறோம், எதை விடுறோம்கிறதுலதான் கியர் மாறும்.

அப்புறம் போர் வந்தது. இதே ஹைட்ராமேட்டிக்கை அமெரிக்க ராணுவம் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் வைத்தது. ஒரு டாங்கிக்கு காடிலாக் இன்ஜின் ரெண்டு, ஹைட்ராமேட்டிக் ரெண்டு. ஆட்டோமேட்டிக் சொகுசுக்காரங்க பொருள், பலவீனமானதுன்னு சொன்னவங்களுக்கு அங்கேயே பதில் கிடைச்சாச்சு.

போர் விட்டுப்போன ஓடுதளங்கள்

டிராக் ரேஸோட வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அது நடந்த இடங்கள்தான்.

கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரிச்சு மேய்ஞ்சு, ராத்திரியில ரோட்டுல பந்தயம் விட்டுட்டு இருந்தாங்க. ஆள் சாகிறதும் நடந்துச்சு. 1950-ல் சாண்டா ஆனாவில் ஒரு விமான ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ரோட்டுல இருக்கிற பையன்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு வரணும்கிறதுதான் நோக்கம். 1955-ல் அதன் முதல் தேசியப் போட்டி கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்தது. அதுவும் ஓடுதளம்தான். இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சித் தளமா இருந்த இடம்.

இப்போ நம்ம பக்கம் வாங்க. செங்குன்றம் தாண்டி சோழவரம். அங்கேயும் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. 1980-களின் கடைசி வரைக்கும் இந்திய மோட்டார் பந்தயம்னாலே சோழவரம்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதே கிளப்பின் நிரந்தரத் தடம் வந்தது.

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு இன்னொரு தகவல். நம்ம மாவட்டத்துலயே உளுந்தூர்பேட்டையில இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் இருக்கு. சாண்டா ஆனா, கிரேட் பெண்ட், சோழவரம், உளுந்தூர்பேட்டை எல்லாம் கிட்டத்தட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைங்க. சிலதுக்குப் பந்தயம் வாய்ச்சுது, சிலது சும்மா கிடக்குது. உடனே யாரும் "அங்க போய் ஓட்டிப் பார்க்கலாமே"ன்னு யோசிக்க வேண்டாம். நீளமான கான்கிரீட் இருந்தா மட்டும் பந்தயத் தளம் ஆகாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, தடுப்பு, நேரம் எடுக்கிற கருவி, வண்டியைச் சோதிக்கிற ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் தளம்.

தூரத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கால் மைல், அதாவது 402 மீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசிய பைக் டிராக் போட்டியில் 302 மீட்டர். கோயம்புத்தூர் பக்கம் ரேக்ளா ஓட்டுறவங்களைக் கேட்டா 200 மீட்டர், 300 மீட்டர்னு சொல்வாங்க. நேரா ஓடு, சீக்கிரம் போய்ச் சேருன்னு ஒரு பந்தயம் வெச்சா, மனுஷன் மாடு பூட்டினாலும் இன்ஜின் பூட்டினாலும் ஏறக்குறைய அதே தூரத்துலதான் வந்து நிக்கிறான்.

சாப்பாட்டு நேரத்துக் கிளப்

ஆரம்பத்துல டிராக் ரேஸ்னா மேனுவல்தான். கிளட்சை மிதிச்சு, கியரை இழுத்து அடிக்கத் தெரிஞ்சவன்தான் வீரன். ஆட்டோமேட்டிக் கிழவங்களுக்கு.

1950-களில் பி அண்ட் எம் என்ற கலிஃபோர்னியா பட்டறை ஹைட்ராமேட்டிக்கைப் பிரித்து, கியர் பட்டுன்னு மாறுற மாதிரி திருத்தி, 'ஹைட்ரோ ஸ்டிக்' என்ற பெயரில் பந்தயக்காரர்களுக்கு விற்றது. அதே காலத்தில் கிறைஸ்லர் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் சிலர் ஆபீஸ் நேரத்துக்கு வெளியே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பேர் ராம்சார்ஜர்ஸ். பகல்ல கம்பெனிக்கு வேலை, ராத்திரியில சொந்தக் கார். ஐடி வேலையில இருந்துக்கிட்டு வார இறுதியில சைட் புராஜெக்ட் பண்றவங்களுக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தா உடனே நெருக்கம் வந்துடும்.

அவங்க கையில டார்க்ஃபிளைட் இருந்தது. 1956-ல் வந்த கிறைஸ்லரின் மூணு கியர் ஆட்டோமேட்டிக். பட்டனை அமுக்கினா கியர் மாறும். இதை வெச்சு மேனுவலை ஜெயிக்கலாம்னு அவங்க கணக்குப் போட்டாங்க. காரணம் மூணு.

முதல் காரணம், கிளம்புற நொடி. அந்தக் காலத்து டயர் குறுகல். கிளட்சைப் பட்டுன்னு விட்டா டயர் சும்மா சுத்திப் புகை விடும். மெதுவா விட்டா கிளட்ச் தேயும், நேரம் போகும். டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியா அழுத்தத்தைக் கொடுக்கிறதால டயருக்கு அதிர்ச்சி குறைவு. கூடவே முறுக்குவிசையையும் பெருக்கித் தருது.

ரெண்டாவது காரணம், கியர் மாறும் நேரம். மேனுவல்ல ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதிக்கிற அந்த அரை நொடியில வண்டியை எதுவுமே தள்ளலை. மூணு தடவை மாத்தினா ஒன்றரை நொடி. 13 நொடிப் பந்தயத்துல ஒன்றரை நொடிங்கிறது பெரிய சொத்து. ஆட்டோமேட்டிக்ல ஒரு கியரை விடும்போதே அடுத்தது பிடிச்சுடும்.

மூணாவது காரணம்தான் உண்மையில முக்கியம்னு எனக்குத் தோணுது: ஒரே மாதிரி ஓடுறது. மனுஷன் பத்து தடவை கியர் போட்டா பத்தும் பத்து விதமா இருக்கும். டிராக் ரேஸ் ஒரு ஓட்டத்துல முடியாது. சுற்றுச் சுற்றா ஜெயிச்சு மேல போகணும். ஒரு சுத்துல கியர் தப்பினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1963-ல் இண்டியானாபோலிஸில் நடந்த தேசியப் போட்டியில், ஸ்டாக் கார்களுக்கான உச்சப் பட்டத்தை ராம்சார்ஜர்ஸின் ஆட்டோமேட்டிக் டாட்ஜ் வென்றது. அதுக்கப்புறம் கிழவங்க பொருள்னு சொன்ன வாய் மூடிக்கிச்சு.

இன்னொரு விசேஷம், ஷெவர்லேயின் பவர்கிளைட். 1950-ல் குடும்பக் கார்களுக்காக வந்தது, வெறும் ரெண்டே கியர். 1973-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. ஆனா அதே வடிவத்துல செஞ்ச பெட்டிகள் இன்னைக்கும் டிராக் தளங்கள்ல ஓடுது. எடை குறைவு, உராய்வு குறைவு, உடையறதுக்கு உள்ளே ஒண்ணும் பெருசா இல்ல. ஒரே ஒரு தடவை கியர் மாத்தினா வேலை முடிஞ்சுது. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும்: இல்லாத வரியில பக் வராது.

1970 மார்ச் 8

இந்தக் கதையில ரத்தமும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா பாதி வரலாறுதான்.

டான் கார்லிட்ஸ் அமெரிக்க டிராக் ரேஸின் பெரிய பெயர். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தளத்தில் அவர் கிளம்பிய நொடியில் காரின் ரெண்டு கியர் பெட்டி வெடித்தது. அப்போதைய டிராக்ஸ்டர்களில் இன்ஜின் முன்னால, ஓட்டுநர் பின்னால, கியர் பெட்டி அவர் காலுக்கு நடுவில. கார் ரெண்டாப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. பார்வையாளர் ஒருவருக்கும் பலத்த காயம்.

கார்லிட்ஸ் மருத்துவமனையில் இருந்தபடியே யோசித்த விஷயம்: இன்ஜினையும் கியரையும் ஓட்டுநருக்குப் பின்னால வெச்சா என்ன? அதுக்கு முன்னாடியும் சிலர் முயற்சி பண்ணியிருந்தாங்க, கார் நேரா போகலை. அவரும் அவருடைய ஆட்களும் ஸ்டீயரிங் விகிதத்தை மெதுவாக்கி அதைச் சரிசெய்தார்கள். 1971-ல் அந்தக் காரோட வந்து பொமோனாவில் விண்டர்நேஷனல்ஸை ஜெயித்தார். சில வருஷத்துல முன்பக்க இன்ஜின் டிராக்ஸ்டர் அந்த உச்சப் பிரிவுல இருந்தே காணாமப் போச்சு.

இதை ஏன் விரிவா சொல்றேன்னா, கியர்பாக்ஸும் கிளட்சும் உடையக்கூடிய பொருள். சாதாரண ரோட்டுல உடைஞ்சா வண்டி நிக்கும். இன்ஜினோட பலத்தைக் கூட்டிட்டு, பெட்டியை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே விட்டா, உடையும்போது துண்டுகள் பறக்கும். அதனாலதான் முறையான போட்டிகள்ல வேகமான வண்டிகளுக்குக் கிளட்ச், கியர் பெட்டி மேல கவசம் கேட்கிறாங்க. டியூன் பண்ணித் தர்ற கடையில குதிரைத்திறன் எவ்வளவு கூடும்னு சொல்வாங்க. "கிளட்ச் அதைத் தாங்குமா, கவசம் இருக்கா"ன்னு நீங்கதான் கேட்கணும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. இன்னைக்கு அந்த டாப் ஃபியூயல் டிராக்ஸ்டர்கள்ல முன்னோக்கிப் போக கியர் மாற்றமே கிடையாது. பல தட்டு கிளட்ச் ஒண்ணு படிப்படியா இறுகும், அவ்வளவுதான். மேனுவலா ஆட்டோமேட்டிக்கான்னு இருபது வருஷம் சண்டை போட்டு, கடைசியில "கியரே வேண்டாம்"னு முடிச்சுட்டாங்க.

நம்ம ஊரு ஆட்டோமேட்டிக்

"நம்ம ஊருக்கு ஆட்டோமேட்டிக் இப்போதானே வந்துச்சு"ன்னு நினைக்கிறோம். காரை மட்டும் பார்த்தா அப்படித்தான் தெரியும். ரெண்டு சக்கரத்தைப் பாருங்க.

1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. கியர் கிடையாது. வேகம் கூடினா தானே பிடிச்சுக்கிற மையவிலக்குக் கிளட்ச். கள்ளக்குறிச்சி சந்தையில பால் கேன், கீரைக்கட்டு, கோழிக்கூடை, ரெண்டு பிள்ளைங்கன்னு சுமந்த வண்டி அந்தப் பரம்பரைதான். யாரும் அதை ஆட்டோமேட்டிக்னு கூப்பிடலை, அவ்வளவுதான். 1984-ல் கைனடிக் ஹோண்டா வேரியேட்டர் பெல்ட்டோட வந்தது. அப்புறம் 1990-களில் ஸ்கூட்டி. வேரியேட்டர்னா இன்னைக்கு கார்ல சிவிடின்னு சொல்றோமே, அதே தத்துவம்: ரெண்டு கப்பியோட அகலம் மாறும், நடுவுல பெல்ட் ஏறி இறங்கும்.

இந்த வண்டிகளால என்ன ஆச்சு? கிளட்ச் பிடிச்சுக் கியரை மிதிச்சுப் பழகணும்கிற தடை போச்சு. டீச்சர் வேலைக்குப் போற அக்கா, நர்ஸ், வயல்ல இருந்து வர்ற பெரியவர் எல்லாரும் ஓட்ட ஆரம்பிச்சாங்க. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கொடுக்குது. கால்ல கியர் போட வேண்டிய வண்டியா இருந்தா அந்தத் திட்டமே நடந்திருக்காது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. அந்தப் பெண்களும் பெரும்பாலும் தேடிப் போனது கியர் இல்லாத ஸ்கூட்டரைத்தான்.

அதனால "மேனுவல்தான் உண்மையான டிரைவிங்"னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கியர் போடுறது நல்ல திறமை, மறுக்கலை. ஆனா அதை ஒரு தகுதிச் சான்றிதழாக்கி வாசல்ல வெச்சா, வெளியே நிக்கப் போறது யாருன்னும் பார்க்கணும்.

கார் பக்கம் பெரிய திருப்பம் 2014. மாருதி செலேரியோவில் ஏஎம்டி வந்தது. அது தனி வகை இல்ல. அதே அஞ்சு கியர் மேனுவல் பெட்டி, கிளட்சை மிதிக்கவும் கியரை நகர்த்தவும் ஒரு ஹைட்ராலிக் இயந்திரம், அதுக்குக் கட்டளை கொடுக்க ஒரு கம்ப்யூட்டர். விலை வித்தியாசம் குறைவா இருந்ததால சாதாரண குடும்பத்துக்கும் ஆட்டோமேட்டிக் எட்டிச்சு. ஆனா டிராக் ரேஸுக்கு இது ஒத்து வராது. நிதானமா கிளட்சை எடுத்து, நிதானமா மாத்தி, நிதானமா விடும். தலை ஒரு தடவை முன்னாடி ஆடும்.

ஏறின கியரிலேயே இறங்கு

இப்போ மலைக்குப் போவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமா போய் மலை ஏறுறோம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை மூணு ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. சாலை இங்கே இன்னும் தீராத பிரச்சினை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த கல்வராயன் மலை வழக்கில் சாலை வசதியும் பேசப்பட்டது.

மலைச்சாலை டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரு பாடம் தெரியும்: ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நாம முதல்ல போட்ட 70 லட்சம் ஜூல் கணக்கைத்தான் அவங்க ஒரு வரியில சொல்றாங்க. ரெண்டாவது கியர்ல இறங்கினா இன்ஜின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும். வெப்பம் ரேடியேட்டர் வழியாவும் புகைக்குழாய் வழியாவும் போகும். பிரேக்கை மட்டும் நம்பினா பேட் சூடாகி உரசும் தன்மை குறையும். எண்ணெய் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அது நடக்கிறது பெரும்பாலும் அடிவாரத்துக்குப் பக்கத்துல, "இறங்கியாச்சு"ன்னு நிம்மதியாகிற நேரத்துல.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறங்குற பழக்கமும் இருக்கு. கார்புரேட்டர் காலத்துல அதுல ஏதோ லாபம் இருந்திருக்கலாம். இன்னைக்கு வர்ற இன்ஜெக்ஷன் இன்ஜின்ல கியர்ல வெச்சு ஆக்ஸிலரேட்டரை விட்டா எரிபொருளே நின்னுடும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்க எரிபொருள் போய்க்கிட்டே இருக்கும். பாதுகாப்பும் போச்சு, பெட்ரோலும் மிச்சமாகலை.

ஆட்டோமேட்டிக் கார்ல இன்ஜின் பிரேக் கிடையாதுன்னு ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்ல. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில எல், 2 அல்லது மேனுவல் மோடுக்கு மாத்தணும். டி-யிலேயே விட்டா அது மேல் கியருக்குப் போயிடும், பிடிப்பு இருக்காது. ஏஎம்டியில எம்-க்கு மாத்தி ரெண்டாவதுல வைங்க. உள்ளே இருக்கிறது மேனுவல் பெட்டிங்கிறதால பிடிப்பு நல்லாவே இருக்கும். ஏறும்போது மட்டும் கவனம்: ஹில் ஹோல்டு இல்லாத ஏஎம்டி பின்னாடி உருளும், ஹேண்ட் பிரேக் பழகிக்கணும். சிவிடியில எல் அல்லது எஸ் இருக்கும், பயன்படுத்துங்க. ட்வின் கிளட்ச்சும் மோடு மாத்தினா நல்லா பிடிக்கும். ஆனா அதுல உலர் கிளட்ச்சா இருந்தா, ஏற்றத்துல நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டே இருந்தா சூடாகும். ஸ்கூட்டர்ல கூடுதல் கவனம் வேணும். வேகம் ரொம்பக் குறைஞ்சா கிளட்ச் தானே விட்டுடும், அப்புறம் பிரேக் மட்டும்தான்.

எலக்ட்ரிக் கார்ல கியர் மாற்றமே இல்ல. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தும். அருமையான விஷயம். ஆனா மேலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பினா அந்த மின்சாரத்தை வாங்கிக்க இடம் இருக்காது, பிடிப்பு குறையும். கொஞ்சம் இடம் விட்டுக் கிளம்புங்க.

அப்போ எதை எடுக்கிறது?

சரி, நேயருக்கான பதில்.

டிராக் மட்டும்தான்னா வரலாறு தெளிவா ஆட்டோமேட்டிக் பக்கம் நிக்குது. 1963-ல் டார்க் கன்வெர்ட்டர் ஜெயிச்சது. 2003-ல் ஃபோக்ஸ்வேகன் ட்வின் கிளட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு கியர் விடும்போதே அடுத்தது தயாரா நிக்கிற வசதி சாதாரணக் கார்களுக்கும் வந்துடுச்சு. ஒரே மாடல்ல ரெண்டும் இருந்தா, ட்வின் கிளட்ச்தான் பெரும்பாலும் முன்னாடி போகும்.

மலை மட்டும்தான்னா, கியரை நீங்களே பிடிச்சு வைக்க முடியற எந்தப் பெட்டியும் போதும்.

ரெண்டும் ஒரே கார்ல வேணும், பட்ஜெட்டும் கம்மின்னா, நான் மேனுவல்னுதான் சொல்வேன். ஒரு ரேஸ் நாள்ல கிளட்ச் போச்சுன்னா கள்ளக்குறிச்சியிலேயே தட்டு மாத்திடலாம். ட்வின் கிளட்ச் போச்சுன்னா வண்டியை ஏத்திக்கிட்டுப் பெரிய நகரத்துக்குப் போகணும், பில்லும் அதுக்கேத்த மாதிரி வரும். வருஷத்துக்கு ஒரு தடவை அரை நொடி தோக்கிறதா, இல்ல வாரம் ரெண்டு தடவை மலை ஏற வேண்டிய வண்டி ஒரு மாசம் நிக்கிறதா? இதுல எது பெரிய நஷ்டம்னு நீங்களே பாருங்க. பட்ஜெட் இருக்குன்னா, மேனுவல் மோடு ஒழுங்கா வேலை செய்யற டார்க் கன்வெர்ட்டர் எடுங்க, ரெண்டு வேலையும் செய்யும். வீட்டுல வேற யாரும் ஓட்டுவாங்களான்னும் கேளுங்க. அவங்களுக்கு கிளட்ச் கஷ்டம்னா, அந்த ஒரு காரணமே ஆட்டோமேட்டிக்குக்குப் போதும்.

கடைசியா, ரோட்டுல பந்தயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்க. உளுந்தூர்பேட்டை சேலம் நாலு வழிச்சாலையில ராத்திரி எதிர்த்திசையில லைட் இல்லாம ஒரு கரும்பு டிராக்டர் வந்தா, மேனுவலா ஆட்டோமேட்டிக்காங்கிற கேள்விக்கு அங்க அர்த்தமே இல்ல. 1951-ல் பார்க்ஸ் சங்கம் ஆரம்பிச்சதே பையன்களை ரோட்டுல இருந்து தளத்துக்குக் கூட்டிட்டுப் போகத்தான். லைசென்ஸ் எடுத்து, ஹெல்மெட் போட்டு, முறையான தளத்துல ஓட்டுங்க.

அடுத்த எபிசோடு கரும்பு ஆலைகளைப் பத்தி: மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள். அங்க வேலை பார்த்தவங்க வீட்டுல இருந்தா அவங்ககிட்ட பேசி எங்களுக்கு எழுதுங்க.